குவாங்சௌ: சந்தைக்கு அப்பால் ஒரு பழைய நகரம்

குவாங்சௌ என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது கான்டன் கண்காட்சி என்ற பெரிய வர்த்தகக் கண்காட்சியும் மொத்த விலைச் சந்தைகளும்தான். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வியாபாரத்துக்காகப் போகிறவர்கள் விமான நிலையம், ஓட்டல், சந்தை, மீண்டும் விமான நிலையம் என்று திரும்பிவிடுகிறார்கள். ஊர் பார்க்கச் சீனாவுக்குப் போகிறவர்களோ பெய்ஜிங், ஷாங்காய், சியான் என்று வேறு திசையில் போய்விடுகிறார்கள். இரு சாராருக்கும் நடுவில் இந்த ஊர் விடுபட்டுப்போகிறது. எனக்கு இது பெரிய வருத்தம். இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கப்பல்கள் வந்துபோன துறைமுக நகரம் இது. நம் பக்கத்துக் கடலோடு இதற்கு இருந்த உறவின் தடயங்களை இன்றைக்கும் நேரில் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலானவை ஒரே மெட்ரோ பாதையை ஒட்டி, சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன.

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அக்கா திருச்சியிலிருந்து வந்து என்னோடு சேர்ந்துகொண்டார். அவர் சுத்த சைவம். முழங்கால் வலி உண்டு. சீன மொழி எங்கள் இருவருக்குமே தெரியாது. அப்படிப்பட்ட இருவர் நவம்பர் கடைசியில் அந்த ஊரில் சுற்றியபோது தெரிந்துகொண்டவற்றை, அடுத்துப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கிளம்பும் முன்

விசாவில் எங்கள் இருவருக்கும் வழி வேறு. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 2024 பிப்ரவரியிலிருந்து 30 நாள் வரை விசா இல்லாமல் சீனாவுக்குள் போகலாம். மலேசியர்களுக்கும் விசா தேவையில்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா வாங்கியாக வேண்டும். பல நாட்டினருக்குச் சீனா தருகிற 240 மணி நேர விசா இல்லா இடைத்தங்கலைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டுச் சிலர் நம்பிக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. இன்னொன்று: குவாங்சௌவிலிருந்து ஹாங்காங் போய்விட்டு மறுபடியும் உள்ளே வருவதாக இருந்தால் இருமுறை நுழைவுக்கான விசாவாகக் கேட்டு வாங்குங்கள். ஹாங்காங் போனாலே சீனாவை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. ஹாங்காங்குக்கு இந்தியர்கள் இணையத்தில் முன்பதிவு செய்து அந்தத் தாளை அச்சிட்டுக் கையில் வைத்திருக்கவும் வேண்டும்.

அடுத்தது பணம். அந்த ஊரில் பழக்கடை, பேருந்து, கோயில் வாசலில் தாமரை மொட்டு விற்பவர் என்று எல்லோரும் அலிபே அல்லது வீசாட் என்ற கைபேசிச் செயலி வழியாகத்தான் பணம் வாங்குகிறார்கள். இரண்டிலுமே வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைக்கலாம். 200 யுவானுக்கு உட்பட்ட செலவுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். பெரிய தொகையை இரண்டு மூன்றாகப் பிரித்துக் கட்ட முடிந்தால் அப்படிச் செய்யலாம். அட்டையை இணைப்பது, கடவுச்சீட்டைப் படமெடுத்து ஏற்றுவது போன்றவற்றை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் உங்கள் சொந்த ஊர் எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம் அங்கே இயங்காமல் போனால் எல்லாம் நின்றுவிடும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீசாட்டும் அலிபேயும் 2020-இல் இந்தியா தடைசெய்த செயலிகளில் அடங்கும். அக்காவின் கைபேசியில் அவை கிடையாது. அவர் முழுக்க முழுக்க ரொக்கத்தை நம்பித்தான் வந்தார், அதுவும் நடந்தது. யுவான் நோட்டை வாங்க மாட்டேன் என்று கடைக்காரர் மறுக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஆனால் மறுக்காவிட்டாலும் மீதிச் சில்லறை அவர்களிடம் இருப்பதில்லை. ஆரஞ்சு விற்ற ஒரு பெண்மணி நூறு யுவான் நோட்டை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடை, எதிர்க்கடை எல்லாம் ஏறி இறங்கிச் சில்லறை மாற்றி வந்தார். அவருடைய பொறுமையைப் பார்த்து அக்கா கூடுதலாக ஒரு கிலோ வாங்கிவிட்டார். ஆகவே பணம் மாற்றும்போதே 5, 10, 20 யுவான் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். சர்வதேச அட்டையை ஏற்கும் ஏடிஎம்கள் பெரிய வங்கிக் கிளைகளில் இருக்கின்றன.

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், பேஸ்புக் எதுவும் ஓட்டல் வைஃபையில் வராது. ஆனால் சொந்த ஊர் சிம்மின் ரோமிங்கில் எல்லாமே வரும், ஏனென்றால் அந்தத் தரவு உங்கள் நாட்டு வலையமைப்பு வழியாகப் போகிறது. உள்ளூர் சிம் தேடி அலைவதைவிட ரோமிங் திட்டம் ஒன்றைப் போட்டுக்கொள்வது எளிது. கூகுள் வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். சீன வரைபடங்கள் வேறொரு ஆயத்தொலை முறையைப் பின்பற்றுவதால் நீங்கள் நிற்கும் இடம் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். ஆமேப் என்ற சீனச் செயலியில் இப்போது ஆங்கிலமும் இருக்கிறது, மெட்ரோ நிலையத்தின் எந்த வாசலில் ஏற வேண்டும் என்பதுவரை சொல்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் வரைபடமே போதும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை இணையமில்லாமல் இயங்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தங்குவது, எப்படிச் சுற்றுவது

கண்காட்சிக்குப் போகிறவர்கள் பசோவில் தங்குவார்கள். கண்ணாடிக் கோபுரங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் தியன்ஹேயில் தங்குவார்கள். பழைய ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் மெட்ரோ முதல் பாதையை ஒட்டி, யுவேசியூ அல்லது லிவான் பகுதியில் அறை எடுங்கள். என் முடிவான கருத்து இது. 1997-இல் திறந்த அந்த முதல் பாதைதான் சென் குலத்தார் மண்டபம், ஷாமியன் தீவு, குவாங்சியாவோ கோயில், ஆறு ஆலமரக் கோயில், போதிதர்மர் வந்திறங்கியதாகச் சொல்லும் ஹுவாலின் கோயில் ஆகியவற்றின் பக்கமாகப் போகிறது. கோங்யுவான்சியன் நிலையத்தில் அது இரண்டாம் பாதையோடு சேர்கிறது. அதன் அருகில் தங்கினால் எல்லா இடத்துக்கும் மாற்றமே இல்லாமல் அல்லது ஒரே மாற்றத்தில் போய்விடலாம்.

கட்டணம் 2 யுவானிலிருந்து தொடங்குகிறது. டிக்கெட் இயந்திரத்தில் ஆங்கிலம் உண்டு, சிறிய நோட்டும் நாணயமும் எடுத்துக்கொள்ளும், வட்டமான பிளாஸ்டிக் வில்லை வரும். நாலைந்து முறைக்கு மேல் ஏறப்போகிறவர்கள் யாங்செங்தோங் என்ற அட்டையை வாங்கிக்கொள்வது நல்லது, பேருந்திலும் ஆற்றுப் படகிலும் அதுவே செல்லும். ஒவ்வொரு நிலையத்திலும் பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்கச் சொல்வார்கள். காலையிலும் மாலையிலும் மூன்றாம் பாதையின் நெரிசல் முதியவர்களுக்கு ஆகாது. முதல் பாதையில் அந்த நேரங்களில் பெண்களுக்கு முன்னுரிமை தரும் பெட்டி இருக்கிறது.

முழங்கால் வலி உள்ளவரோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்தூக்கி எல்லா வாசலிலும் இருக்காது, நிலையத்துக்கு ஒரு வாசலில் இருந்தால் உண்டு. வாசல்களுக்கு ஆங்கில எழுத்துப் பெயர் இருப்பதால் எந்த எழுத்து என்று முந்தைய இரவே பார்த்து வைத்துக்கொண்டேன். அதன் பிறகு அக்கா ஒரு முறைகூடப் படியைப் பார்த்து மலைத்து நிற்கவில்லை. கழிப்பறைகள் பெரும்பாலும் தரையோடு அமைந்தவை. மெட்ரோ நிலையங்களிலும் பேரங்காடிகளிலும் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான அறையில் உட்காரும் வகை கிடைக்கும். காகிதத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

டாக்சிக்கு டீடீ செயலி, அல்லது ஓட்டல் வாசலில் கூப்பிடும் வண்டி. விமான நிலைய வருகைக் கூடத்தில் தாமாக வந்து பையைத் தூக்குகிறவர்களோடு போகாதீர்கள். வரிசையில் நிற்கும் வண்டியில் ஏறி, மீட்டரைப் போடுகிறாரா என்று பாருங்கள். ஓட்டலின் பெயரும் முகவரியும் சீன எழுத்தில் அச்சிட்ட அட்டையை முதல் நாளே வரவேற்பில் கேட்டு வாங்கி, ஆளுக்கொன்று பையில் போட்டுக்கொள்ளுங்கள். அக்காவிடம் நான் அதைத்தான் முதலில் கொடுத்தேன். ஒருவேளை கூட்டத்தில் பிரிந்துவிட்டால் யாரிடமும் பேச வேண்டியதில்லை, அட்டையை நீட்டினால் போதும்.

ஓட்டலில் கடவுச்சீட்டைப் பதிவுசெய்து காவல்துறைக்குத் தகவல் அனுப்புவது அவர்கள் வேலை. நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நாமே காவல் நிலையத்தில் பதிய வேண்டும். அசல் கடவுச்சீட்டு எப்போதும் உடன் இருக்கட்டும். அருங்காட்சியகங்களிலும் ரயில் நிலையத்திலும் கேட்பார்கள்.

அரச மரத்தின் கீழ்

குவாங்சியாவோ கோயிலுக்குக் காலையிலேயே போனோம். சிமென்கோவ் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். நுழையும்போது வாசற்படியின் உயரமான மரக்கட்டையை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டும், அதை மிதிப்பது அங்கே மரியாதைக் குறைவு. செருப்பைக் கழற்றத் தேவையில்லை. முற்றத்தில் படம் எடுக்கலாம், சன்னிதிக்குள் எடுக்கக் கூடாது.

முற்றத்தின் ஓரமாக ஒரு பெரிய மரம் நின்றது. அக்கா அதன் இலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "தம்பி, இது நம்ம அரச மரம்!" என்றார். ஆம், அரச மரமேதான். 502-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த ஒரு துறவி கொண்டுவந்து நட்டது என்பது கோயிலின் மரபு. இப்போது நிற்பது அந்த மரத்தின் வழிவந்த கன்று என்கிறார்கள். 676-இல் ஹுய்னெங் என்பவர் இந்த மரத்தடியில் தலை மழித்துத் துறவு ஏற்றார். சீனத் தியான மார்க்கத்தின், அதாவது சான் பௌத்தத்தின், ஆறாம் குரு அவர். மழித்த முடியைப் புதைத்த இடத்தில் எழுப்பிய சின்னக் கோபுரம் மரத்தின் அருகிலேயே இருக்கிறது. கொடி அசைகிறதா காற்று அசைகிறதா என்று இரண்டு துறவிகள் வாதாடியபோது, அசைவது உங்கள் மனம் என்று அவர் சொன்ன கதையும் இந்தக் கோயிலில் நடந்ததாகத்தான் சொல்வார்கள். கோயிலின் கிழக்குப் பக்கத்தில் 967-இல் வார்த்த இரும்புக் கோபுரம் ஒன்று உண்டு. ஆயிரம் ஆண்டு கடந்த இரும்பு. அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

அந்தச் சான் மரபின் முதல் குரு போதிதர்மர். அவர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று சீன நூல்கள் சொல்கின்றன. காஞ்சிபுரத்து அரச குமாரர் என்பது நம் பக்கத்தில் வழங்கும் மரபு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கடல் வழியாக வந்து கரையிறங்கியதாகச் சொல்லும் இடம் குவாங்சௌவில், ஹுவாலின் கோயில் இருக்கும் பகுதி. இரண்டு நிலையம் தள்ளி, சாங்ஷோவ் சாலை நிலையத்தில் இறங்கினால் போகலாம். இன்றைக்கு ஆறு தெற்கே நகர்ந்துவிட்டது, கோயிலைச் சுற்றிப் பச்சைக்கல் நகை விற்கும் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. வழி கேட்க வேண்டியிருக்கும். உள்ளே ஐந்நூறு அருகர்களின், அதாவது ஞானம் பெற்ற பௌத்தத் துறவிகளின், மண்டபம் இருக்கிறது. பண்பாட்டுப் புரட்சியில் பழைய சிலைகள் அழிந்துபோனதால் இப்போது இருப்பவை பிற்காலத்தில் செய்தவை. ஆனாலும் ஒவ்வொரு முகமும் வேறு வேறு. ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் கோபப்படுகிறார், ஒருவர் தூங்குகிறார். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார், நான் அவசரப்படுத்தவில்லை.

முதல் குரு வந்திறங்கிய இடமும் ஆறாம் குரு துறவு ஏற்ற இடமும் ஒரே ஊரில், மெட்ரோவில் சில நிமிட தூரத்தில் இருக்கின்றன. போதிதர்மர் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் ஷாவோலின் நினைவுக்கு வருகிறது. அவர் முதலில் மிதித்த மண் இது. சந்தைக்கு வரும் தமிழர்களில் எத்தனை பேர் இங்கே வருகிறார்கள் என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. நுழைவுக் கட்டணமும் கிடையாது.

குவாங்சியாவோ கோயிலுக்குக் கிழக்கே, நடக்கும் தூரத்தில் ஆறு ஆலமரக் கோயில். அதன் பூக்கோபுரம் 57 மீட்டர் உயரம், வெளியிலிருந்து ஒன்பது அடுக்காகத் தெரியும், உள்ளே பதினேழு தளங்கள். கவிஞர் சு ஷி இங்கே வந்தபோது ஆறு ஆலமரங்களைப் பார்த்து எழுதிக்கொடுத்த இரண்டு எழுத்துகள்தான் கோயிலின் பெயராக நிலைத்தன. சந்திர நாள்காட்டியின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் எல்லாக் கோயில்களிலும் கூட்டம் அலைமோதும். அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அமாவாசை, பௌர்ணமி சமயத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு மன்னரின் கல்லறை

குவாங்சௌவில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் நான்யுவே மன்னர் அருங்காட்சியகத்தைத்தான் சொல்வேன். இரண்டாம் பாதையில் யுவேசியூ பூங்கா நிலையம். 1983-இல் ஒரு சிறு குன்றை வெட்டிக் கட்டடம் கட்டப்போன இடத்தில் கல்லறை அகப்பட்டது. கி.மு. 122 வாக்கில் இறந்த சாவ் மோ என்ற மன்னருடையது. நான்யுவே அப்போது தனி அரசு. கி.மு. 111-இல் ஹான் பேரரசு அதை விழுங்கிவிட்டது. கொள்ளை போகாமல் இரண்டாயிரம் ஆண்டு மூடிக் கிடந்த கல்லறை.

மன்னரின் உடலை மூடியிருந்தது பச்சைக்கல் ஆடை. 2,291 துண்டுகள், பட்டு நூலால் கோத்தவை. அவருடைய தங்க முத்திரையும் இருக்கிறது. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது ஓரமாக வைத்திருந்த வேறு சில பொருள்கள். பாரசீகப் பாணியில் அடித்த வெள்ளிச் சிமிழ், ஆப்பிரிக்க யானைத் தந்தங்கள், சாம்பிராணி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே இவை இந்தக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்றால், நம் கடலைத் தொடாமல் எப்படி வந்திருக்கும்? ஹான் பேரரசின் வரலாற்று நூலில், இந்தத் தென்கரைத் துறைகளிலிருந்து கப்பல்கள் ஹுவாங்சி என்ற நாட்டுக்கு மாதக்கணக்கில் பயணம் செய்து முத்தும் பளிங்கும் வாங்கிவந்ததாகக் குறிப்பு இருக்கிறது. அங்கிருந்து காண்டாமிருகம் ஒன்றைக்கூட அரசருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஹுவாங்சி காஞ்சிபுரமே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இதைப் படித்துவிட்டு அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று பாருங்கள்.

கல்லறைக்குள்ளேயே இறங்கிப் பார்க்கலாம். மணற்கல் பலகைகளால் ஆன தாழ்ந்த அறைகள், குறுகிய வழி. மன்னரோடு பதினைந்து பேரைப் பலியிட்டுப் புதைத்திருக்கிறார்கள். அக்கா அதைக் கேட்டதும் உள்ளே வர மறுத்து வெளியிலேயே நின்றுகொண்டார். படிகளும் செங்குத்து, வயதானவர்களுக்குக் கைப்பிடி தேவைப்படும். திங்கட்கிழமை இங்கே விடுமுறை.

சென் குலத்தார் மண்டபத்துக்கு மதியம் போகலாம், நிழல் நிறைய உண்டு. 1894-இல் கட்டி முடித்தது. குவாங்டோங் மாகாணமெங்கும் இருந்த சென் குடும்பத்தினர் பணம் போட்டு, தங்கள் பிள்ளைகள் அரசுத் தேர்வெழுத நகருக்கு வரும்போது தங்கிப் படிப்பதற்காகக் கட்டினார்கள். கூரையை அண்ணாந்து பாருங்கள். முகடு முழுக்கச் சுட்ட மண் பொம்மைகள், பளபளக்கும் வண்ணப் பூச்சோடு, நாடகக் காட்சிகளாக நிற்கின்றன. பக்கத்து ஊரான ஃபோஷானின் ஷிவான் சூளைகளில் செய்தவை. மரம், செங்கல், கல், இரும்பு என்று ஒவ்வொன்றிலும் தனித்தனிச் செதுக்கு வேலை.

ஷாமியன் தீவில் 1859-க்குப் பிறகு பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் குடியேறிக் கட்டிய மாளிகைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டாம் அபினிப் போரில் பிடுங்கிய இடம் அது. ஹுவாங்ஷா நிலையத்தில் இறங்கிப் பாலம் தாண்டினால் வந்துவிடும். பழைய மரங்களின் நிழலில் திருமணப் படம் எடுக்கும் மணமக்கள் கூட்டம் எப்போதும் உண்டு. மாலை ஒரு மணி நேரம் நடக்க நல்ல இடம்.

கான்டன் கோபுரம் 600 மீட்டர். மேலே ஏறுவதற்குக் கொடுக்கும் பணத்துக்கு, முத்து ஆற்றின் எதிர்க்கரையில் ஹாய்சின்ஷா பக்கம் நின்று இரவில் பார்ப்பதே எனக்குப் பிடித்திருந்தது, அது இலவசம். இரவுப் படகுச் சுற்றுலாவுக்குப் பதிலாக, ஊர்க்காரர்கள் ஆற்றைக் கடக்கும் 2 யுவான் படகில் ஒருமுறை போய்வாருங்கள். மிதிவண்டியோடும் காய்கறிப் பையோடும் நிற்கிறவர்களின் நடுவே ஆற்றைப் பார்ப்பது வேறு அனுபவம். பெய்ஜிங் சாலையில் கடைகளை விட, நடுச்சாலையில் கண்ணாடி பதித்துக் கீழே சோங், மிங் காலத்துப் பழைய தெருக்களை அடுக்கடுக்காகக் காட்டியிருப்பதைக் கவனியுங்கள்.

சைவர்களுக்கு

குவாங்சௌவில் காலை உணவு என்பது தேநீரோடு சின்னச் சின்னத் தட்டுகளாக வரும் விருந்து. குடும்பமே வந்து உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசும். முதலில் வரும் சுடு தேநீரால் கிண்ணத்தையும் கரண்டியையும் கழுவி ஒரு பாத்திரத்தில் ஊற்றிவிடுவார்கள். குடிப்பதற்கல்ல அது. யாராவது உங்கள் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்ட வேண்டும், அதுதான் நன்றி. குடுவையில் வெந்நீர் தீர்ந்தால் மூடியைச் சாய்த்து வையுங்கள், யாரையும் கூப்பிட வேண்டாம். இருக்கைக்குத் தனியாகத் தேநீர்க் கட்டணம் உண்டு. பில்லில் அதைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. ஒரு உணவகத்தில் மொழிபெயர்ப்புச் செயலியில் அப்படித்தான் காட்டினோம், பரிமாறியவரும் தலையாட்டிவிட்டுப் பச்சைக் கீரையைக் கொண்டுவந்தார். மேலே பழுப்பு நிறத்தில் ஊற்றியிருந்தது சிப்பிச் சாறு. அது அந்த ஊர்ச் சமையலில் உப்பு மாதிரி எங்கும் இருப்பது, அவர்கள் கணக்கில் இறைச்சி அல்ல. முள்ளங்கிப் பணியாரத்தில் உலர்ந்த இறாலும் சீனத் தொத்திறைச்சியும் இருக்கும். தெளிவான சூப்பு எலும்பில் வெந்தது. அன்றிரவு ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சீன எழுத்தில் ஒரு தாள் எழுதி வாங்கினோம்: இறைச்சி, மீன், இறால், முட்டை, சிப்பிச் சாறு, பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு எதுவும் கூடாது, பௌத்தத் துறவிகள் சாப்பிடுவது போன்ற உணவு வேண்டும். அந்தக் கடைசி வரி பெரிய உதவியாக இருந்தது. துறவிகள் உணவு என்றதும் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. நீங்கள் ஊரிலேயே அதை எழுதி, கைபேசியில் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கோயில்களை ஒட்டி சைவ உணவகங்கள் இருக்கின்றன. வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. காளான், தோபு, தாமரைக் கிழங்கு, மூங்கில் குருத்து என்று வகை வகையாக வருகிறது. இறைச்சி வடிவத்தில் சோயாவைச் செய்து வைக்கும் தட்டுகளை அக்கா தொடவில்லை. வெள்ளை அரிசி மாவைத் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைத்துச் சுருட்டித் தரும் சுருளை, உள்ளே எதுவும் வைக்காமல், சோயா சாறும் எள்ளும் மட்டும் போட்டுக் கேட்டால் தருவார்கள். காலையில் அதுவே அவருக்குப் பிடித்துப்போனது. இனிப்பில் இஞ்சிச் சாற்றில் உறைய வைத்த பால், சிவப்புப் பயறுக் கஞ்சி, கறுப்பு எள் கூழ் மூன்றையும் விட்டுவிடாதீர்கள். கறுப்பாகப் பளபளக்கும் ஒரு வகைக் கூழில் ஆமை ஓடு சேர்ப்பார்கள், அதைத் தவிர்க்கவும். தெருமுனைகளில் விற்கும் மூலிகைத் தேநீர் நம் நிலவேம்புக் கசாயத்துக்கு இளைத்ததல்ல, அவ்வளவு கசப்பு. அந்த ஊர்ப் புழுக்கத்தில் உடல் சூட்டைத் தணிக்க அதைக் குடிக்கிறார்கள். அக்கா ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார், கடைக்கார அம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

எப்போது போவது

மார்ச், ஏப்ரலில் காற்றில் ஈரம் மிகுந்து சுவரும் தரையும் வியர்க்கும். துணி காயாது. ஆனால் அந்த ஊரின் மலரான செவ்விலவம் மார்ச்சில்தான் பூக்கிறது, உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி உலர்த்தி மூலிகைத் தேநீரில் போடுவார்கள். கோடை கடும் மழை, புயல்களின் காலம். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, எங்கும் கால் வைக்க இடம் இருக்காது. கான்டன் கண்காட்சி ஏப்ரல் 15 முதல் மே 5 வரையும், அக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரையும் நடக்கும். அப்போது ஓட்டல் வாடகை பல மடங்கு ஏறிவிடும். வியாபாரத்துக்காக வருகிறவர்கள் கண்காட்சி முடிந்தபின் இரண்டு நாள் கூடுதலாக இருந்து, அறையை மட்டும் பசோவிலிருந்து பழைய ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். வாடகையும் அதற்குள் இறங்கியிருக்கும். ஊர் பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை ஏற்ற காலம். பகலில் மெல்லிய வெயில், இரவுக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும்.

அங்கிருந்து வேறு சீன நகரத்துக்கு விமானத்தில் போவதாக இருந்தால், உங்கள் பவர் பேங்கில் சீனாவின் பாதுகாப்புத் தரச் சான்றான 3சி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூன் 28-லிருந்து அது இல்லாதவற்றை உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை. ரயிலில் போவது இன்னும் வசதி. தெற்கு ரயில் நிலையத்திலிருந்து ஹாங்காங் சுமார் ஒரு மணி நேரம்தான், ஆனால் நிலையம் ஊருக்கு வெகு தள்ளி இருக்கிறது, பாதுகாப்புச் சோதனை வரிசையும் நீளம். ரயில் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக ஓட்டலைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். கடவுச்சீட்டே டிக்கெட். தானியங்கி வாசலில் அது வேலை செய்யாவிட்டால் ஓரமாக ஊழியர் நிற்கும் வழிக்குப் போங்கள், பார்த்து உள்ளே விடுவார்.